வீட்டுக்குப் போகாத புத்தகம்

கணினி மேசைகள் போடுவதற்காகக் கல்லூரி நூலகத்தில் அலமாரிகளைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். எதையெல்லாம் கழிக்கலாம் என்று சொல்ல வந்திருந்தார் நூலகவியல் பேராசிரியர்.

“சார், இதை இதுவரைக்கும் ஒருத்தர்கூட வீட்டுக்கு எடுத்துட்டுப் போகல” என்று ஒரு புத்தகத்தை நீட்டினார் நூலகர் அம்மா.

பேராசிரியரின் முகம் சுண்டிப்போனது. யாரும் எடுக்காத புத்தகத்தைக் கழித்துவிட வேண்டும் என்பது வகுப்பில் அவரே சொல்லிக்கொடுக்கும் விதிதான்.

“அப்போ கழிச்சிடுங்கம்மா. இதுல என்ன தயவு தாட்சண்யம்?”

“எப்படி எடுத்துட்டுப் போவாங்க? கதவைத் திறந்ததும் பசங்களுக்குள்ள இதுக்குத்தான் அடிதடி. ஒருத்தன் கீழ வச்சா இன்னொருத்தன் பிடுங்கிக்கிறான். பாருங்க, நார்நாராக் கிழிஞ்சு கிடக்கு!”

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார் அவர்.

“புதுசு கடையில கிடைக்கல. நீங்க எழுதினதுதானே சார், வீட்டுல ஒண்ணாவது இருக்காதா?”

“ஒண்ணு என்னம்மா, கட்டிலுக்கடியில கட்டுக்கட்டா இருக்கு!”