மீன்கொத்தியின் கண்

"வாயை மூடிக்கிட்டு எடுங்க. நீங்க இருமினாலே பறவை அடுத்த ஏரிக்குப் பறந்துடும்" என்பாள் மனைவி. அவள் இறந்தபின், அவளுடைய கேமராவோடு ஊர் ஊராகத் தனியே அலைகிறேன். என் படங்களில் பறவைக்கு வால் இருந்தால் தலை இருக்காது.

கண் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது அவள் பழக்கிவிட்டது. தனியே எடுத்த முதல் படத்தில், நாரையின் கண்ணுக்குள் நான் தெரிந்தேன். என் தோளை ஒட்டி அவளும் நின்றாள். திரும்பினேன். நாணல்தான் இருந்தது.

கேமரா கடைக்காரரிடம் காட்டினேன்.

"லென்ஸ்ல அழுக்கு சார். துடைச்சிடட்டுமா?"

"ஐயய்யோ, தொட்டுடாதீங்க!"

அடுத்தடுத்த பறவைகளின் கண்களில் அவள் தள்ளித் தள்ளி நின்றாள். இன்று மீன்கொத்தியின் கண்ணில் முதுகு காட்டி நடந்துகொண்டிருந்தாள். மீன்கொத்தி இன்னும் கிளையில்தான் இருந்தது. மறுபடி எடுக்கக் கேமராவைத் தூக்கினேன்.

"போகாதடி!" என்று கத்திவிட்டேன்.

மீன்கொத்தி பறந்துவிட்டது. எனக்குப் பின்னால், வெகு தொலைவில், "உஷ்" என்று கேட்டது.