கோட்டுக்குள் சேவல்

அது அவருடைய பறவை.

அவர் தலைக்கு நேர் மேலே வந்தது. தலைக்கு மேலே வருவது கீழே நிற்பவனுக்கு. இங்கிலாந்தில் அரசர்கள் மாறலாம், இந்தச் சட்டம் மாறாது.

ஏழு வேட்டைப் பருவம் வெறும் தடியோடு நடந்தவர். புதர்களைத் தட்டித் தட்டி, துப்பாக்கிக்காரர்களை நோக்கி ஃபெசண்ட் என்னும் காட்டுக்கோழிகளைக் கிளப்பிவிட்டவர். அவர் கால்சட்டையில் ஏறிய சேற்றைச் சேர்த்தால் யாழ்ப்பாணத்தில் ஒரு புகையிலைத் தோட்டமே போடலாம்.

பருவத்தின் கடைசி நாள் மட்டும் தடிக்காரர்கள் கைக்குத் துப்பாக்கி வரும்.

இன்று அந்த நாள்.

இது கடைசி விரட்டல். காலையிலிருந்து அவர் பக்கம் வந்தது இது ஒன்றுதான். செம்பு நிறச் சேவல். மூன்று தென்னை உயரம். வால் மட்டும் அடுத்த மாவட்டம் வரை.

துப்பாக்கியை உயர்த்தினார்.

டுமீல்.

அவருடையது அல்ல.

அடுத்த இடத்தில் நின்ற நாச்சிமுத்து. ஓய்வுபெற்ற பல் டாக்டர். அடுத்தவர் வாயிலிருந்து பிடுங்கியே நாற்பது வருடம் பிழைத்தவர்.

"ஏனுங்கண்ணா, தூங்கிட்டீங்களா? சும்மா போகுதேன்னு நானே போட்டுட்டனுங்க!"

பறவையைப் பறிகொடுத்தவரின் மூக்குக்கண்ணாடியில் கோபத்தில் ஆவி படர்ந்தது. எதிரே நின்ற ஓக் மரம் லேசாகக் கருகியது.

கொம்பு ஊதினார்கள். விரட்டல் முடிந்தது. பருவமும் முடிந்தது.

நாயை அனுப்பினார்.

கறுவல். பதினொரு வயது லாப்ரடார். யாழ்ப்பாணத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. விழுந்த பறவை ஒன்றைக்கூட இதுவரை விட்டுவிட்டு வந்ததில்லை.

முட்செடிக்குள் போனது. சேவலோடு வந்தது. பல் படாமல் அவர் கையில் வைத்தது.

சேவல் கண்ணைத் திறந்தது.

புரட்டிப் பார்த்தார். தலையோரம் ஒரு ரவை உரசியிருந்தது. அவ்வளவுதான். வெறும் மயக்கம்.

டாக்டர் அந்தப் பக்கம் திரும்பி, யாரிடமோ கைகுலுக்கல் வாங்கிக்கொண்டிருந்தார்.

அவர் தன் கோட்டைத் திறந்தார். சேவலை உள்ளே வைத்தார். கழுத்துவரை பொத்தானைப் போட்டார்.

"சத்தம் போடாதை, ராசா."

டாக்டர் வந்தார். எங்கே என்று கையால் கேட்டார்.

அவர் கிடைக்கவில்லையென்று தலையாட்டினார். களவுக்குக் களவு.

களஞ்சியத்தில் மதியச் சாப்பாடு. நீண்ட மேசை, இருபது பேர், சூப். அவர் மட்டும் கோட்டைக் கழற்றவில்லை. வயிறு தன்பாட்டுக்கு ஏறி இறங்கியது. வால் காலர் வழியே வந்து காதைக் கூச வைத்தது. மஃப்ளரைச் சுற்றிக்கொண்டார்.

டாக்டர் எழுந்து தன் சுடும் திறமையைச் சொன்னார். சூப் வரும்போது மூன்று தென்னையாக இருந்த உயரம், ரொட்டி வரும்போது கோபுரமானது. வானத்திலேயே செத்துவிட்டதாம். ஒரு துடிப்புக்கூட இல்லையாம்.

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

அவர் சூப்பைக் குடித்தார். பெருமையடித்ததை மட்டும் பொறுத்துக்கொண்டார்.

டாக்டர் கறுவலைப் பார்த்தார்.

"செத்து உழுந்ததைக்கூட எடுக்கத் தெரியல பாருங்க. அடுத்த பருவத்துக்கு இந்தக் கெழட்டு நாயை வூட்லயே கட்டிப் போட்டுருங்கண்ணா."

வேட்டைக்காட்டைப் பார்த்துக்கொள்ளும் கீப்பருக்கும் புரியட்டும் என்று அதையே ஆங்கிலத்திலும் சொன்னார். எந்த நாய் வரலாம், எது வரக்கூடாது என்று முடிவு செய்வது கீப்பர்தான்.

கீப்பர் கறுவலின் நரைத்த மூஞ்சியைப் பார்த்தார். சரியென்று மெல்லத் தலையாட்டினார்.

மேசைக்கடியில் கறுவல் காதை மடக்கிக்கொண்டது.

பொய் சொன்னது அவர். பழி அதற்கு.

கரண்டியை வைத்தார்.

எழுந்து போய்க் களஞ்சியத்தின் பெரிய கதவை அகலத் திறந்துவைத்தார். பெப்ரவரிக் குளிர் உள்ளே வந்தது. சேவலும் அதை உணர்ந்திருக்க வேண்டும். நெஞ்சில் ஓங்கி ஒரு உதை.

திரும்பி வந்து டாக்டருக்கு நேர் எதிரே நின்றார்.

"டொக்டர், சூப்பைக் கையால மூடிப் பிடியுங்கோ."

மேல் பொத்தானைக் கழற்றினார்.