மூன்றாவது கிளாஸ்

முதல் கிளாஸுக்குள் அத்தை மூக்கை நுழைத்தபோது மூக்குக்கண்ணாடி விளிம்பில் மோதி டிங்கென்றது. மேசையைச் சுற்றி இருந்த ஒன்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

என்ன வாசனை வருகிறது, தயங்காமல் சொல்லுங்கள் என்றார் கடைக்காரர். ஒயின் கடையின் மாடியறையில் சனிக்கிழமை மதியம் அவர் நடத்தும் ஆரம்பப் பாடம் அது.

ஒருவர் ஆப்பிள் என்றார். ஒருவர் ஏதோ பூ என்றார். அத்தை யோசித்துவிட்டு, பாத்திரம் தேய்த்த எலுமிச்சைத் தோல் என்றார்.

கடைக்காரர் அசந்துபோனார். புளிப்பு என்றால் இதுதான், பொரித்த மீனோடு இந்த வெள்ளை ஒயினைக் கொடுப்பதே புளிப்பு எண்ணெயை அறுத்துவிடும் என்பதற்காகத்தான் என்றார். பாத்திரத்தில் அறுப்பது நாக்கில் அறுக்காதா என்று அத்தை முனகினார்.

அறுபத்தெட்டு வயதில் என் மாமியாருக்கு ஏன் இந்த ஆசை வந்தது என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை. இருமல் மருந்தையே கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறவர். நாத்தனார் போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா முட்டிவலியோடு தினமும் சாயங்காலம் நடக்கக் கிளம்பியபோதே தனக்குச் சந்தேகம் என்றாள்.

துணைக்கு நான்தான் வர வேண்டும் என்று அத்தை அவளிடம் சொல்லி அனுப்பினார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு.

நாங்கள் பேசி மூன்று மாதம் ஆகியிருந்தது. பால் பொங்குகிறது, கதவைச் சாத்து என்பதெல்லாம் பேச்சில் சேராது.

காரணம் ஒரு சட்டை.

என் கணவர் தச்சர். அவர் இறந்த பிறகு, கடைசியாகப் போட்டிருந்த வேலைச் சட்டையைக் கதவுக்குப் பின்னால் அப்படியே மாட்டி வைத்திருந்தேன். காலையில் அதில் ஒரு முறை முகத்தைப் புதைத்துக்கொண்டால்தான் எனக்கு அன்றைய நாள் நகரும்.

ஒரு புதன்கிழமை அத்தை அதை மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைத்து, வெயிலில் உலர்த்தி, இஸ்திரியும் போட்டு என் கட்டிலில் வைத்திருந்தார்.

நான் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

இரண்டாவது கிளாஸ் இனிப்பு. தொட்டுக்கொள்ள உப்புத் தூக்கலாக ஒரு சீஸ். ஒன்றுக்கொன்று ஆகாததுபோலத் தெரியும், சேர்த்து வைத்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் எங்கள் இருவருக்கும் நடுவில் தட்டை வைத்தார்.

நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். சீஸ் என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

ருசி பார்த்தால் போதும், விழுங்க வேண்டியதில்லை என்று ஆளுக்கொரு தகர டப்பா கொடுத்திருந்தார்கள். அத்தை அதில் பல் டாக்டரிடம் வந்தவர்போல ஒழுங்காகத் துப்பி, ஒவ்வொரு முறையும் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. இருமுவதுபோல் சமாளித்தேன்.

மூன்றாவது சிவப்பு.

அத்தை தன் கிளாஸைத் தொடவில்லை. என் கிளாஸையே என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

அதன் காம்பைப் பிடித்து, சொல்லிக்கொடுத்தபடி ஒரு சுழற்றுச் சுழற்றி, மூக்கை நுழைத்தேன்.

சீவிய மரம். பென்சில் தூள். லேசாகப் புகை. எல்லாவற்றுக்கும் அடியில், சிகரெட்டை விட்ட நாளிலிருந்து அவர் கடைவாயில் அடக்கிக்கொண்டிருந்த கிராம்பு.

கிளாஸிலிருந்து முகத்தை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இது மரப் பீப்பாயில் இரண்டு வருடம் கிடந்தது, பீப்பாயின் உள்பக்கத்தை நெருப்பில் வாட்டியிருப்பார்கள், வாசனையில் பாதி அந்த மரம் கொடுத்தது, சுட்ட இறைச்சியோடு பிரமாதமாகச் சேரும் என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டு போனார். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

பிறகு எங்கள் பக்கம் வந்து, அத்தையின் காதருகே குனிந்தார்.

“ஆறு வாரமா தினம் வந்து, ஒவ்வொரு பாட்டிலா மோந்து பாத்துக் கண்டுபுடிச்சீங்களேம்மா. மருமக என்ன சொல்றாங்க?”

அத்தை அவரைப் பார்க்கவில்லை. பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாய் குடித்தேன். கடைக்காரர் தகர டப்பாவை என் பக்கம் தள்ளினார். அதைத் திருப்பித் தள்ளிவிட்டு விழுங்கினேன்.

“கிராம்பு கொஞ்சம் கம்மி, அத்தை.”