அசையாத முள்

"ம்... ஏறு" என்றார் கணவர்.

ஆட்டைத் தூக்கிக்கொண்டு எடை மெஷின்மேல் ஏறினேன். எங்கள் நோஞ்சான் ஆடு தனியாக நிற்காது. என்னோடு சேர்த்து எடை போட்டு, அதில் என் எடையைக் கழிப்பது அவர் கணக்கு.

"அதே அறுபது! மாசக்கணக்கா முள் அசையவே இல்ல. ஒழுங்காத் தீனி வைக்கிறியா, இல்லையா?"

விடியுமுன் தழை ஒடிப்பது, பூச்சி மருந்து புகட்டுவது, மற்ற ஆடுகள் முட்டித் தள்ளாமல் தின்னும்வரை காவல் நிற்பது எல்லாம் நான்தான். அப்புறம் சமையல், அப்புறம் வேலைக்கு ஓட்டம்.

"முன்னைக்கு இப்ப கனக்குதுங்க."

"உனக்குத் தெம்பில்ல. முள் பொய் சொல்லுமா?"

அன்றைக்கே ஆட்டை மருத்துவரிடம் இழுத்துப் போனோம். அவர் விலாவைத் தடவிப் பார்த்தார். காலைக் கட்டி, ஆட்டை மட்டும் தன் மெஷினில் கிடத்தினார்.

"நல்லாத் தேறிடுச்சே! போன தடவைக்கு எட்டுக் கிலோ கூட."

"எங்க மெஷின்ல ஏறலையே டாக்டர்!"

"எப்படிப் போடறீங்க?"

கணவர் பெருமையாக விளக்கினார். "இவ எடைதான் தெரியுமே, ஆரம்பத்துலயே பாத்து வெச்சிட்டேன்."

மருத்துவர் ஆட்டை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அம்மா, இப்ப நீங்க மட்டும் ஏறுங்க."

ஏறினேன். ஆட்டுக்கு ஏறிய எட்டுக் கிலோவும் என்னிடமிருந்துதான் போயிருந்தது.

ஆட்டுக் கயிற்றைக் கணவர் கையில் கொடுத்தேன்.

"எனக்குப் பசிக்குது" என்றேன்.