சிடுமூஞ்சியைக் காணோம்

“உன் பிளாக்ல ஒரு மாசமா ஒண்ணையும் காணோமே?” என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

“எதை எழுதுறது? மேனேஜர் திட்டுறதைத்தானே ‘சிடுமூஞ்சி’ன்னு பேர் வெச்சு எழுதிட்டிருந்தேன். மனுஷன் இப்ப பசு மாதிரி ஆயிட்டார். தப்பா பில் போட்டாக்கூட ‘பரவாயில்லம்மா’ங்கறார். என் பொழப்புல மண்ணு விழுந்துடுச்சு.”

“படிக்கிறவங்க கேக்கலையா?”

“‘சும்மா ஒருத்தன்’னு ஒரு வாசகர்தான் கேக்கறார். ஆரம்பத்துலேருந்து ஒரு பதிவு விடாம படிக்கிறவர். ‘முதல்ல வெறும் புலம்பலா இருந்தது, இப்பதான் கதையா வருது, நிறுத்திடாதீங்க’ன்னு நேத்துகூட கமெண்ட் போட்டிருந்தார். பாவமா இருக்கு.”

சற்று நேரத்தில் மேனேஜரின் அறைக் கதவு படாரென்று திறந்தது. அவர் கையில் அவள் காலையில் கொடுத்த ஃபைல்.

“ஏம்மா, இது ஸ்டேப்ளர் பின்னா, முள்வேலியா? ஒரு பின்னை நேரா அடிக்கத் தெரியல, உங்களுக்கெல்லாம் சம்பளம் ஒரு கேடா?”

அவர் வீசிய ஃபைல் பட்டு, மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளர் அவள் மடியில் கவிழ்ந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

“அழாதடி,” என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

“அழறதாவது? முள்வேலியாம்ல!”

சாப்பாட்டு இடைவேளையில் போனிலேயே எழுதி, ‘முள்வேலி’ என்று தலைப்பு வைத்துப் பதிவேற்றினாள். சும்மா ஒருத்தனின் கமெண்ட் உடனே வந்தது.

“பிரமாதம். ஆனா தண்ணி டம்ளர் கவிழ்ந்ததை விட்டுட்டீங்களே. சாரிம்மா, அது மட்டும் நான் வேணும்னு செய்யல.”