வலப்பக்க இருக்கை

பிரேக் போட வேண்டிய இடத்தைக் காட்டும் பலகை கடந்துபோன பிறகும் வெண்டெல் வேகத்தைக் குறைக்கவில்லை.

"பிரேக்."

ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும் அந்தக் காரின் வலப்பக்க இருக்கையில் இருந்த பயிற்றுநர் கர்ட்டிஸின் குரல் அது. தலைக்கவசத்துக்குள் பொருத்தியிருந்த ஒலிபெருக்கியில் காதருகிலேயே கேட்டது.

வெண்டெல் ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்தார்.

"பிரேக் போடுங்க. சார், பிரேக்."

பயிற்றுநரின் காலடியில் பிரேக் கிடையாது. ஊருக்குள் ஓட்டக் கற்றுத்தரும் கார்களில் உண்டு; பந்தயத் தடத்தில் அதிவேகமாக ஓட்டப் பழக்கும் இந்தப் பள்ளிகளில் அந்த வழக்கம் இல்லை. பயிற்றுநருக்கு இருப்பது குரல் ஒன்றுதான்.

வெண்டெல் பிரேக்கை அழுத்தினார். காரின் பின்பக்கம் வழுக்கியது. வளைவைத் தாண்டி, புல்லைக் கிழித்துக்கொண்டு ஓடி, சரளைக் கற்களில் இறங்கித் தூசிக்குள் நின்றது.

அந்த வளைவுக்கு அப்பால் சுவர் இல்லை என்பதைக் காலையிலேயே நடந்து பார்த்து வைத்திருந்தார். இளமையில் மண் தடங்களில் பந்தயம் ஓட்டியவர். எவ்வளவு தாமதித்தால் என்ன ஆகும் என்பது அவருடைய கால்களுக்குத் தெரியும். இருந்தும் கையுறைக்குள் விரல்கள் நனைந்திருந்தன.

டெஸ்ஸாவுக்காகத்தான் இத்தனையும்.

மலைமேல் இருக்கும் பள்ளி ஒன்று, ஆற்றோரத்தில் இருக்கும் இது ஒன்று. இரண்டும் அவருடைய மகளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தன. ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும்.

"நீங்க போய் ஓட்டிப் பாத்துட்டு வாங்கப்பா. நீங்க கை காட்டுற இடத்துக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டாள்.

டெஸ்ஸாவுக்கு வேகத்தைக் கண்டு பயமில்லை. வெண்டெலின் பயமே அதுதான்.

போன வாரம் மலைப் பள்ளிக்கும் போயிருந்தார். புதுக் கட்டடம், பளபளக்கும் கார்கள், மதியத்துக்குப் புகையில் வாட்டிய பன்றி இறைச்சி. அங்கேயும் ஒரு வளைவில் இதையே செய்து பார்த்தார். பயிற்றுநரின் முகம் வெளிறிப்போயிற்று. உரிமையாளரோ சிரித்துக்கொண்டே வந்து வெண்டெலின் முதுகில் தட்டினார்.

"இந்த வயசுல என்னா தைரியம் சார் உங்களுக்கு. சும்மா இன்னொரு சுத்து போயிட்டு வாங்க."

அந்தப் பயிற்றுநர் ஒரு வார்த்தை பேசாமல் மறுபடியும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வெண்டெலை இரு தோள்களோடும் இடுப்போடும் இருக்கையில் இறுக்கிக் கட்டியிருந்தது பந்தய வார். பயிற்றுநருக்கோ கடைவீதிக்குப் போகும் காரில் இருப்பதைப் போல ஒற்றை வார்.

அன்றைக்கு அந்த இறைச்சியைத் தட்டிலேயே விட்டுவிட்டு வெண்டெல் கிளம்பினார்.

இங்கே வந்ததும் முதல் வேலையாக, வலப்பக்கக் கதவைத் திறந்து வாரை இழுத்துப் பார்த்தார். கர்ட்டிஸ் சிரித்தார்.

"அது என்னோடது சார். ஓட்டப்போறவர் அந்தப் பக்கம் ஏறணும்."

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வார்தான்.

இப்போது தூசி அடங்கியது. தடத்தின் ஓரத்து மேடையிலிருந்து அவர்களுடைய காருக்கு, ஓட்டத்தை நிறுத்திக் கொட்டகைக்குத் திரும்பச் சொல்லும் கறுப்புக் கொடி காட்டினார்கள்.

"உள்ள போங்க. மெதுவா" என்றார் கர்ட்டிஸ்.

கொட்டகை வாசலில் வெல்மா காத்திருந்தாள். பள்ளியை நடத்துபவள் அவள்தான்; வைக்கோல் தொப்பி, கையில் பாதி கடித்த பிஸ்கட். வெண்டெலின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"கர்ட்டிஸ், நீ சொல்லு."

"சொல்லச் சொல்ல போடல. காது கேக்காம இல்ல. வேணும்னேதான் போடல."

வெல்மா பிஸ்கட்டைக் காரின் கூரைமேல் வைத்தாள். சட்டைப் பையிலிருந்து சிறு கத்தரிக்கோலை எடுத்து, வெண்டெலின் மணிக்கட்டில் காலையில் தானே கட்டிய காகிதப் பட்டையை வெட்டினாள். அந்தப் பட்டை இல்லாத யாரும் தடத்துக்குள் போக முடியாது.

"கட்டின பணத்தை முழுசா வாங்கிட்டுக் கெளம்புங்க சார்."

வேலியோரம் நின்ற மற்ற மாணவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வெண்டெலுக்குக் காதுமடல் சுட்டது. ஆனால் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று மிச்சமிருந்தது.

"ஒரு தடவை தப்பாயிடுச்சு. அதுக்குப் போய் இப்படியா? இன்னொரு சுத்து குடுங்க, ஒழுங்கா ஓட்டுறேன்."

"நீங்க பத்து மடங்கு கட்டினாலும் கிடையாது. உங்க பக்கத்துல எங்காளை உக்கார வெச்சுட்டு, அவன் வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

வெண்டெல் தலைகுனிந்து நின்றார். பிறகு கர்ட்டிஸிடம் கையை நீட்டினார். கர்ட்டிஸ் அதைப் பற்றவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டார்.

யாரும் பற்றாத அந்தக் கையோடுதான் வெண்டெல் தம் வண்டிக்குத் திரும்பினார். கதவைச் சாத்தி மகளை அழைத்தார்.

"எப்படிப்பா இருக்கு அந்த எடம்?"

"என்னை வெளிய அனுப்பிட்டாங்க."

வெண்டெல் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தபடி தொடர்ந்தார்.

"மலைப் பள்ளிக்கு வேண்டாம்னு எழுதிடு. இங்கயே பயிற்றுநரா சேந்துக்கம்மா."

"நான் உங்க பொண்ணான்னு கேட்டா என்னப்பா சொல்றது?"

"கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடு. கர்ட்டிஸ்னு ஒருத்தர் இருப்பாரு. மொதல்ல அவர்கிட்ட சொல்லு."