இரட்டை மூக்குப் பவுன்

“இந்த ராசாவுக்கு ரெண்டு மூக்கு, பாத்தியா?” என்று அச்சு பிசகிய பவுனைச் சின்னச்சாமி நீட்டினார்.

“ஒத்த மூக்கை வச்சே நீங்க ஊரை மோப்பம் பிடிக்கிறீக,” என்றாள் மனைவி சீனியம்மாள்.

சிரித்தபடி கைகழுவப் போனவர் தொட்டியடியில் விழுந்தார், எழவில்லை.

பிழையான பவுன்களாகவே தேடிச் சேர்த்தவர் அவர். அந்தப் பவுன் ஒரு காலத்தில் ஒரு ஜமீன்தாரிணியின் கழுத்தில் கிடந்தது. சின்னச்சாமியின் தம்பி விருமாண்டிக்கு அதன்மேல் கண்.

பாடையில் நெற்றிக்காசு வைக்கும்போது, காலணாவைத் தள்ளிவிட்டுச் சீனியம்மாள் அந்தப் பவுனை வைத்தாள்.

“மதினி! வெட்டியான்ல எடுத்துக்கிருவான்!”

“எடுக்கட்டும். ஒமக்குக் கிடையாது.”

மறுநாள் தத்தனேரிச் சுடுகாட்டில் பால் தெளிக்கப் போன விருமாண்டி விசாரித்தான். நெற்றியில் காசே இல்லை என்று வெட்டியான் சத்தியம் செய்தார்.

வீட்டுக்கு வந்து, அண்ணன் குழி குழியாகப் பவுன் பதித்து வைத்திருந்த பெட்டியைத் திறந்தான். பவுன் தன் குழியில் இருந்தது. எடுத்தவன் கையை உதறிக் கீழே போட்டான்.

“சுடுது மதினி!”

சீனியம்மாள் நிதானமாகக் குனிந்து எடுத்தாள். தாலி அறுத்த அன்றே அதை வளையமிட்டுக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். தெரு ஏசியது.

“ஏசுறவுக வந்து தொட்டுப் பாருங்க,” என்றாள். யாரும் வரவில்லை.

பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மார்கழி விடியலிலும் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறாள். பவுன் இன்னும் ஆறவில்லை.